ஆயரை யாரும் கொடுப்பதில்லை

1

போன மாதம் லிமெரிக்கில் என் அப்பாவுக்கு கேக் வெட்டினார்கள். அப்பா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். செங்கல்பட்டைத் தாண்டிப் போனதில்லை. அவர் இறந்து பத்து வருஷமாகிறது. ஆனாலும் கேக்கின் மேல் வெள்ளை க்ரீமில் எழுதியிருந்தது அவர் பெயர்தான்: ‘சவரிமுத்துவுக்கு வாழ்த்துகள். பதினெட்டு ஆண்டுகள்!’

பதினெட்டு ஆண்டுகள் என்னுடையவை. நான் பிலோமினா, இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டு நர்ஸ். மந்தைவெளியில் இருந்தவரை எஸ். பிலோமினாவாக நிம்மதியாக இருந்தேன். அயர்லாந்துக்கு விண்ணப்பம் போட்டபோது குடும்பப் பெயர் என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. ‘எஸ்’ என்று போட்டேன். ஒற்றை எழுத்தெல்லாம் பெயராகாது என்று சிவப்பில் திட்டியது. சரி என்று விரித்து எழுதினேன். அன்றிலிருந்து சம்பளச் சீட்டில், பல் டாக்டரிடம், மின்சார பில்லில் எல்லாம் நான் சவரிமுத்து. கூட வேலை செய்கிறவர்களுக்கு நான் பிலோதான். புதிதாக வந்த மேலாளர் பாவம், பட்டியலைப் பார்த்து கேக் சொல்லிவிட்டார். நானும் திருத்தவில்லை. பெரிய துண்டாக ஒன்றை வெட்டி, ‘சாப்பிடுப்பா’ என்று மனசுக்குள் சொல்லி நானே சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் தம்பி ஆரோக்கியம் போன் செய்தான். மந்தைவெளியில் ஆட்டோ ஓட்டுகிறான். “பதினெட்டு வருஷம் ஆயிடுச்சே, இன்னாக்கா சாதிச்ச?” என்று கேட்டான். கிண்டல்தான், ஆனால் கேள்வி சரியான கேள்வி. வீடு ஒன்று வாங்கினேன், அதன் சுவரில் வருஷம் முழுக்க ஈரம். கார் ஒன்று இருக்கிறது, அதில் ஏறியதும் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். ‘இந்த ஆகஸ்டில் கோயில் ஹாலில் ஜெயித்தேனே, அதை விட வேறென்னடா வேணும்?’ என்றேன். “அது நீ ஜெயிச்சதா, உன் பொண்ணு ஜெயிச்சதா?” என்றான் அவன்.

அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

2

என் பெண் ரியாவுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். நாலு வயது வரை வீட்டில் தமிழ் மட்டும் பேசினாள். பள்ளிக்கூடம் போன முதல் வருஷம் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொன்னாள். பிறகு நான் இங்கிலீஷில் கேட்டாலும் தோளைக் குலுக்குவதுதான் பதில் என்று ஆகிவிட்டது. தமிழ் புரியும். பேசச் சொன்னால் மட்டும் மாமாவை ‘நீ வந்தான்’ என்பாள், பக்கத்து வீட்டம்மாவை ‘அது எங்க?’ என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ஆளுக்கு ஆள் திருத்துவார்கள். பிறகு அவள் அன்று முழுக்க வாயைத் திறக்க மாட்டாள்.

வருஷா வருஷம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவோம். இந்த முறை புறப்படுவதே பெரும்பாடாக இருந்தது. அவளுக்குப் புதிய பாஸ்போர்ட் வந்ததால், வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் விசா இல்லாமல் இந்தியா வரத் தரும் ஓ.சி.ஐ. கார்டுக்கு மறுபடி போட்டோ ஏற்ற வேண்டும். முதல் போட்டோவில் காது தெரியவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவதில் காது தெரிந்தது, பின்னாலிருந்த சுவர் பிடிக்கவில்லை. மூன்றாவதில் எல்லாம் சரி, கையெழுத்து கோட்டைத் தொட்டுவிட்டதாம். நாலாவது தடவை அவள் கையெழுத்து போட்டுவிட்டுப் பேனாவை மேஜை மேல் எறிந்தாள்.

“ஊருக்குப் போகணும்னா நான் ஊர்க்காரின்னு ஏன் நிரூபிக்கணும்?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.  பதில் தெரியாதபோது அம்மாக்கள் செய்வதை நானும் செய்தேன். கத்தினேன்.

அப்போதுதான் அதைச் சொன்னாள். இதுதான் கடைசித் தடவை. அடுத்த கோடையில் அவள் வகுப்புப் பெண்கள் நாலு பேர் மேற்குக் கடலோரத்தில் ஒரு முகாமுக்குப் போகிறார்களாம், படகு விடக் கற்றுக்கொள்கிறார்களாம். ஜூலையில் பாதி, ஆகஸ்டில் பாதி. அவளும் போகிறாள். “சென்னைல எனக்கு என்ன இருக்கு? எல்லாரும் உனக்குத்தான் இருக்காங்க” என்றாள்.

நான் அழவில்லை. வார்டில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு அழுகை நேரம் பார்த்துத்தான் வரும். ஆனால் இது உறைத்தது. ஒரு கோடை போனால் இரண்டு கோடை போகும். பிறகு கல்லூரி, வேலை, வேறொரு ஊர். என் தம்பி வீட்டுக் கதவைத் தட்டத் தெரியாத ஒரு பெண் என் வயிற்றில் பிறந்தவளாக இருப்பாள். அந்தப் பயம்தான் இந்தக் கதை முழுக்க என் கூடவே வந்தது.

3

மந்தைவெளிக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே எங்கள் மாதா கோயில். கோயிலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இளையோர் குழு கூடும். நான் சிறுமியாக இருந்தபோது அந்த ஹாலில் ஒரு கேரம் போர்டு, ஒரு செஸ் போர்டு, இருபது பிள்ளைகள். கேரம் போர்டைப் பையன்கள் விட மாட்டார்கள். மிச்சமிருந்த ஒரு செஸ் போர்டில் இரண்டு பேர் விளையாடினால் மற்றவர்கள் என்ன செய்வது? அதனால் நாலு பேர் விளையாடும்படி ஓர் ஆட்டம் உண்டாக்கினோம். இதே மாதிரி வேறு ஊர்களிலும் ஆடுகிறார்கள், வேறு பெயர் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அது வாய்–கை.

ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். ஒருவர் வாய், இன்னொருவர் கை. வாய்க்கு ஒரே ஒரு வேலை. எந்தக் காய் நகர வேண்டும் என்று அதன் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். குதிரை என்றால் குதிரை. எந்தக் குதிரை, எந்தக் கட்டத்துக்கு என்பதைக் கைதான் முடிவு செய்யும். கை பேசக் கூடாது. வாய் காயின் பெயரைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது, இருமக்கூட கூடாது. கண்ணடித்து, மூக்கைச் சொறிந்து ஜாடை காட்டுகிறார்கள் என்று சண்டை வந்த பிறகு இன்னொரு விதி சேர்ந்தது. கைக்குப் பின்னால் ஓர் உயரமான முக்காலியில் வாய் உட்கார வேண்டும். கை திரும்பிப் பார்க்கக் கூடாது. காயின் பெயர் சொன்னதும் சுற்றி நிற்கிறவர்கள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார்கள். இருபதுக்குள் கை ஆட வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதுதான் முக்கியம். மற்றவர்கள் மந்திரி என்றோ பிஷப் என்றோ சொல்கிற காயைக் கோயில் பிள்ளைகள் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை, எங்கள் மறைமாவட்டத் தலைவரைச் சொல்வதுபோல் ஆயர் என்போம். அந்தக் காலத்தில் ஒரு நாள் “பிஷப்ப வெட்டுடா, பிஷப்ப வெட்டு!” என்று பையன்கள் கத்தியது, மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பங்குத் தந்தை காதில் விழுந்துவிட்டது. இறங்கி வந்தார். அடிப்பார் என்று எல்லாரும் பயந்தோம். அவர் போர்டைப் பார்த்துவிட்டு, “ஆயரைக் காப்பாத்தத் தெரியாதவங்க ஹாலையாவது கூட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆயரைப் பறிகொடுத்தவர்கள் ஹாலைக் கூட்ட வேண்டும். வெட்டியவர்களுக்கு ஏக மரியாதை, காயைத் தூக்கிக் காட்டி ஒரு சுற்று வருவார்கள்.

முப்பது வருஷமாக அதே விதி. அதனால் எங்கள் பங்கில், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், பிறந்த யாரும் ஆயரைக் கொடுக்க மாட்டார்கள். ராணி போனாலும் போகட்டும் என்று ஆயரைக் கொண்டுபோய் ராஜாவின் பக்கத்தில் ஒளித்துவைப்பார்கள். அதுவே எதிராளியின் ஆயர் வெட்டுக்கு வந்தால் யோசிக்காமல் பாய்வார்கள். எனக்கும் இதெல்லாம் ரத்தத்தில் ஊறியது. லிமெரிக்கில் இரவு பணியில் போனில் செஸ் ஆடும்போதுகூட ஆயரை ஒளித்துவைத்துவிட்டுத்தான் மற்ற காரியம் பார்ப்பேன்.

4

ரியா ஹாலுக்குப் போனது செஸ் ஆட இல்லை. ஆரோக்கியத்தின் வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, ஜூலை வெயிலில் சுவரே கொதிக்கும். ஹாலில் ஆறு மின்விசிறி. காற்று வாங்கப் போனவளை இளையோர் குழுச் செயலாளர் ஜெனிஃபர் பிடித்துக்கொண்டாள்.

ஜெனிஃபருக்குப் பத்தொன்பது வயது, பி.காம். படிக்கிறாள். அவள் அப்பா பீட்டர் என் வயதுக்காரன், நானும் அவனும் அதே ஹாலில் வாயும் கையுமாக ஆடியவர்கள். அவர்கள் குடிசை அடையாற்றின் கரையில் இருந்தது. அதை எடுத்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பி ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஜெனிஃபர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வருவாள்.

“அங்க பக்கத்துலயே கோயில் கீதாமே, அங்க போக வேண்டியதுதான?” என்று கேட்டேன்.

“வீட்டதான் ஆன்ட்டி மாத்துனாங்க. ஹால மாத்தலியே” என்றாள். சொல்லிவிட்டு, கேரம் போர்டுக்குப் பவுடர் போடப் போய்விட்டாள். ரியா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

முதல் வாரம் ரியாவை வாயாக உட்கார வைத்தார்கள். ராஜா, ராணி, ஆயர், குதிரை, யானை, சோல்ஜர். ஆறே வார்த்தை. அவள் முக்காலியில் உட்கார்ந்து “குதிரை” என்றாள். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஜெனிஃபரும் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்கள், ஒரு பையன் பயபக்தியோடு குதிரையைத் தூக்கினான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் தமிழில் சொன்னதை யாரும் திருத்தவில்லை. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கே கிளம்பிவிட்டாள். அதற்கடுத்த வாரம் ‘மச்சி’ என்று பேச ஆரம்பித்தாள். என்னையே ஒரு தடவை கூப்பிட்டாள்.

“ஏன் எல்லாரும் ஆயரை ஒளிச்சு வெக்கிறாங்க?” என்று ஒரு நாள் கேட்டாள். விதியைச் சொன்னேன். “தட்ஸ் மேட்” என்றாள். எல்லாருக்கும் பைத்தியம் என்று அர்த்தம்.

ஆகஸ்ட் திருவிழாவுக்கு இளையோர் குழு வாய்–கை போட்டி வைத்தது. வீட்டுக்கு இரண்டு பேர்: பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவர். நானும் ரியாவும் பெயர் கொடுத்தோம். அவள் வாய், நான் கை. அந்தக் காலத்தில் நான் எப்போதும் வாய்தான், எனக்கு அதுதான் பொருத்தம் என்று ஆரோக்கியம் இன்னும் சொல்வான். ஆனால் ரியா முக்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்றாள்.

பெயர் கொடுத்துவிட்டு 21ஜி பஸ்ஸில் திரும்பினோம். லிமெரிக்கில் பஸ்ஸை விட்டு இறங்குகிற எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்வது வழக்கம். ரியா முன்படியிலிருந்து “தேங்க்ஸ் அங்கிள்!” என்று கத்தினாள். டிரைவர் என்னமோ ஏதோ என்று பிரேக்கைப் போட்டுவிட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் எங்களைத் திட்டினார்கள். சிரித்துக்கொண்டே நடந்தபோதுதான் அவள் பந்தயம் கட்டினாள்.

“ஃபைனல் ஜெயிச்சா அடுத்த வருஷம் வரேன். மூஞ்சி தூக்க மாட்டேன். தோத்தா நான் கேம்ப்புக்குப் போறேன், நீ மூஞ்சி தூக்கக் கூடாது. பெருமூச்சும் விடக் கூடாது.”

கை கொடுத்தேன். என் பெண் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டு நடந்த சந்தோஷத்தில் எதற்கும் கை கொடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் உறைத்தது. வாய் அவளுடையது. தோற்க வேண்டும் என்று அவள் நினைத்தால் ஒரு வார்த்தை போதும். எந்த இடத்தில், எப்படிச் சொன்னாள் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளின் முகத்தைக்கூட நான் பார்க்க முடியாது. இப்படிப் பெற்ற பிள்ளை கையில் பிடியைக் கொடுத்துவிட்டு நிற்கிறோமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

5

எட்டு ஜோடி. முதல் இரண்டு ஆட்டமும் சுலபமாக ஜெயித்தோம். நான் எதிர்பார்க்கவில்லை. ஃபைனலில் எதிரே பீட்டரும் ஜெனிஃபரும். பீட்டர் கை, ஜெனிஃபர் வாய்.

மத்தியானம் இரண்டரை மணி. திருவிழாக் கூட்டம் முழுக்க ஹாலுக்குள் வந்துவிட்டது. பிரியாணி வாசனையும் மல்லிகைப்பூவும் வியர்வையும். ஆரோக்கியம் ஆட்டோவைக் குறுக்கே விட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். போர்டுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி, எங்களுக்குப் பின்னால் இரண்டு முக்காலி.

பீட்டர் கையைச் சொடுக்கிக்கொண்டான். “பிலோ, இன்னா, ஐரிஷ்கார ஆட்டமா நம்ம ஊரு ஆட்டமா?”

“ஆடிப் பாரு, தெரியும்” என்றேன்.

பத்து நிமிஷத்தில் தெரிந்தது, எங்களுக்கு விரோதமாக. ஜெனிஃபர் அற்புதமான வாய். பீட்டரும் அவளும் தினம் இரவு சாப்பிட்டுவிட்டு ஆடுகிறவர்கள், அவன் கைக்கு அவள் மனசு தெரியும். ரியா ‘சோல்ஜர்’ என்றபோது நான் தப்பான சோல்ஜரை நகர்த்தினேன். ‘யானை’ என்றபோது யானையைக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தேன். அங்கே வெட்ட ஒன்றும் இல்லை. அதன் பிறகு ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டோம், எங்கள் யானை ஒன்று சும்மா போனது. கூட்டம் ‘ஐயோ’ என்றது. அந்த ஐயோவில் பாதி பரிதாபம், பாதி சந்தோஷம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என் முதுகு முழுக்கக் காதாக இருந்தது. அவள் குரலில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா? ஒன்றும் தெரியவில்லை. சுருக்கமாக, தெளிவாக வந்தது: “குதிரை.” அடுத்த முறையும் “குதிரை.” அதற்கடுத்தும் “குதிரை.” மூன்றாவது தாவலில் எங்கள் குதிரை அவர்கள் ராஜாவுக்கு செக் சொன்னது. ராஜா மூலைக்கு ஓடினார். பீட்டர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு யானை அதிகம் அவனுக்கு, நிதானமாக ஆடினாலே போதும். எங்களிடம் மிச்சம் ஒரு யானை, அந்தக் குதிரை, ஆயர் இரண்டு, சில சோல்ஜர்கள்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஆயர்.”

“ஒண்ணு!” என்று ஹால் எண்ண ஆரம்பித்தது.

 ஆயரை இப்போது நகர்த்த என்ன இருக்கிறது? ஒன்று நம் ராஜாவின் பக்கத்தில் அசைய வழியில்லாமல் நிற்கிறது, இன்னொன்று தூரத்தில் ஒரு மூலையில் பத்திரமாக நிற்கிறது. நகர்த்தினால் பின்வாங்க வேண்டும், பின்வாங்கினால் ஆட்டம் போய்விடும். ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். கேம்ப்புக்குப் போகிறாள். குரல்கூட நடுங்காமல் சொல்கிறாளே.

“நாலு! அஞ்சு!”

கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. போகட்டுமே. பதினைந்து வயதுப் பிள்ளை தோழிகளோடு படகு விட ஆசைப்படுகிறாள். நானும் பதினெட்டு வருஷத்துக்கு முன் எல்லாரையும் விட்டுவிட்டுத்தானே போனேன். இதற்கு நான் எப்படிக் கோபப்படுவது? விரலை ஆயரின் தலையில் வைத்தேன். நம் ராஜாவின் பக்கத்தில் ஒளித்துவைத்துவிடலாம், மரியாதையாகத் தோற்கலாம்.

“ஒம்போது! பத்து!”

விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஒளித்துவைக்கிறவள் நான். அவள் இல்லை. ஏன் ஒளித்துவைக்கிறீர்கள் என்று கேட்டவள் அல்லவா அவள்? எங்கள் பைத்தியம் அவளுக்கு இல்லை. அப்படியென்றால் அவள் கண்ணுக்கு ஆயர் எங்கே போகிறது?

முதல் தடவையாக அந்தக் காயை அது பார்க்கும் திசையில் பார்த்தேன். மூலைவாட்டில் ஒரு நீளக் கோடு, நடுவே ஒருவரும் இல்லை, கடைசியில் மூலை ராஜாவுக்கு முன்னால் நிற்கும் ஒற்றை சோல்ஜர். அதை வெட்டினால் ராஜா ஆயரை வெட்டலாம். வெட்டினால் ராஜா ஒரு கட்டம் வெளியே வருவார். வந்தால் திரும்ப முடியாது, இரண்டு பக்கமும் எங்கள் குதிரை காவல் நிற்கிறது. ஓரத்தில் சும்மா நிற்கிறது என்று நான் வெட்கப்பட்ட யானைக்கு வழி முழுக்கத் திறந்திருக்கிறது.

அடிப்பாவி.

“பதினேழு! பதினெட்டு!”

ஆயரைத் தூக்கி அவர்கள் ராஜாவின் மூக்குக்கு முன்னால் வைத்தேன்.

 ஹாலே கூரை பறப்பதுபோல் கத்தியது. “ஆயர குடுத்துட்டாங்கடா!” “பிலோக்கா, தொடப்பம் ரெடியா கீது!” ஜன்னலிலிருந்து ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டான். பீட்டரின் கை அப்போதே ராஜாவின் மேல் போய் நின்றுகொண்டிருந்தது. அவன் முகத்தில் முப்பது வருஷத்துச் சந்தோஷம். எங்கள் ஆயரை வெட்டித் தூக்கிக் காட்டி ஹாலைச் சுற்றி வரத் தயாராக இருந்தான். வாய் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஜெனிஃபர் உடனே சொல்லவில்லை. அவள் கெட்டிக்காரி. ஆனால் ஹால் முழுக்க “வெட்டு! வெட்டு!” என்று கத்துகிறது. முன்னால் அப்பா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவளும் இந்தப் பங்கில் பிறந்தவள்தானே.

“ராஜா” என்றாள்.

ராஜாவுக்குப் போக வேறு கட்டம் இல்லை, வெட்டுவது ஒன்றுதான். பீட்டர் வெட்டினான். ஆயரைத் தலைக்கு மேல் தூக்கினான். தூக்கிய கை இறங்குவதற்குள் பின்னாலிருந்து என் பெண்ணின் குரல் வந்தது.

“யானை.”

யாரும் எண்ண வேண்டியிருக்கவில்லை. ஓரத்திலிருந்த யானையை நேராக இழுத்து ராஜாவுக்கு எதிரில் நிறுத்தினேன். “செக்” என்று சொல்ல நினைத்தேன், கை பேசக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். பீட்டர் ராஜாவைத் தொட்டான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். ஆயர் இன்னும் அவன் இடது கையில் இருந்தது.

ஜெனிஃபர் முக்காலியை விட்டு இறங்கி வந்து போர்டின் மேல் குனிந்தாள். நன்றாகப் பார்த்துவிட்டு அப்பாவின் தோளில் தட்டினாள்.

“நைனா, அவ்ளோதான். முடிச்சிட்டாங்க.”

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாக நினைவில்லை. பிள்ளைகள் ரியாவை முக்காலியோடு தூக்கினார்கள். யாரோ பறைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆரோக்கியம் ஜன்னல் வழியாகவே உள்ளே ஏறிக் குதித்து, “என் தங்கம்!” என்று அவளைக் கட்டிக்கொண்டான். அவள் “மாமா, நீ அழுவுறான்!” என்றாள். அன்று யாரும் திருத்தவில்லை. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். நேரம் பார்த்து வந்த அழுகை.

பீட்டர் மட்டும் போர்டை விட்டு நகரவில்லை. “ஆயர போய் குடுப்பாங்களா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தான். விதி விதிதான் என்று சாயங்காலம் ரியாவும் நானும் ஹாலைக் கூட்டினோம். ஜெயித்தவர்கள் கூட்டியது அதுதான் முதல் தடவையாம்.

6

லிமெரிக்குக்குத் திரும்பும் வழியில், விமானத்தில்தான் கேட்டேன். “தோத்திருந்தா கேம்ப்புக்குப் போயிருக்கலாமே. ஒரு வார்த்தைதானே. ஏன் தோக்கல?”

அவள் இயர்போனை ஒரு காதிலிருந்து எடுத்தாள். “பந்தயம் உங்கூட. ஆட்டம் ஜெனிகூட” என்றாள். “அவ ஒன்றரை மணி நேரம் பஸ்ல நின்னுட்டு வந்து ஆடுறா. அவகிட்ட நான் சும்மா தோப்பேனா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து எண்ணும் வரை நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அதற்குப் பிராயச்சித்தமாக, பந்தயத்தை மறந்துவிடலாம், நீ கேம்ப்புக்கே போ, நான் மூஞ்சி தூக்க மாட்டேன் என்றேன். சத்தியமாக மனசாரத்தான் சொன்னேன். அவள் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “ஜெயிச்சாச்சு இல்ல? அப்புறம் என்ன?” என்று இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

இங்கே வந்த பிறகு நாட்கள் பழையபடிதான். மழை, வார்டு, கார்க் கண்ணாடி துடைப்பது. அவள் தோளைக் குலுக்குவதும் நிற்கவில்லை. காலையில் எழுப்பினால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் தமிழில் கேட்டதற்கு இங்கிலீஷில்தான் பதில். ஒரு கோப்பை வாங்கியதால் பிள்ளை மாறிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு.

ஞாயிறு காலை பதினொன்றுக்கு, அங்கே சாயங்காலம் நாலரை. பெசன்ட் நகர்ப் பக்கத்து இளையோர் குழு ஒன்றோடு எங்கள் ஹாலுக்கு இப்போது போட்டி நடக்கிறது. ஜெனிஃபர் கை. அவளுக்குப் பின்னால் இருக்கும் முக்காலியில் ஒரு போனைச் சாய்த்துவைத்து, அதை ஒரு செங்கல்லால் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். போனுக்குள் வாய். மாடி அறையிலிருந்து, கதவு சாத்தியிருந்தாலும், எனக்குக் கேட்கிறது. “குதிரை.” போனிலிருந்து இருபது முப்பது குரல் எண்ணுகிறது. “யானை.” மறுபடி எண்ணுகிறது. ஆறு வார்த்தைதான். ஆனால் அந்த ஆறையும் கேட்க மந்தைவெளியில் ஒரு ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

போன ஞாயிறு கீழே நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே ஒரே கூச்சல், போனிலும் கூச்சல். கதவு படாரென்று திறந்தது. இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள்.

“அம்மா, ஜெயிச்சுட்டோம்! ஆகஸ்ட் டிக்கெட் போட்டியா? ஜெனி கேக்குறா.”

“போட்டாச்சு” என்றேன்.

போடவில்லை. அவள் மேலே ஓடி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், மீன் ஈரம் காயாத கையோடு இரண்டு பேருக்கும் போட்டேன்.